ஒரு வாளில் தவறாகப் படிக்கப்பட்ட சொல்

மிகுபுனைவுக் கதைகளில் ஆட்டிடையனோ அடுக்களை வேலையாளோ அரியணை ஏறும்போது எனக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். கடைசி அத்தியாயத்தில் ஒரு மச்சமோ மோதிரமோ வெளிப்பட்டு, அவன் தொலைந்துபோன இளவரசன்தான் என்று ஆகிவிடும். அரசனைத் தேர்ந்தெடுக்க விடப்பட்டதாக நம் பழமொழி நானூறு சொல்லும் கழுமலத்து யானைகூடக் கருவூர்வரை போய்ச் சோழன் மகன் கரிகாலனைத்தானே ஏற்றி வந்தது!

அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்சாண்டர் 1964 முதல் 1968 வரை வெளியிட்ட, பிரிடெய்ன் என்னும் கற்பனை நாட்டைப் பற்றிய ஐந்து நூல்களில் அந்த ஏமாற்றம் இல்லை. வேல்ஸ் நாட்டுத் தொன்மங்களிலிருந்து முளைத்த இக்கதையின் நாயகன் தாரன், குறி சொல்லும் பன்றி ஒன்றைப் பராமரிக்கும் உதவியாள். இளவரசி ஐலான்வியை மணக்க உயர்குடிப் பிறப்பு வேண்டும் என்றெண்ணி, நான்காம் நூலில் தன் பெற்றோரைத் தேடிப் புறப்படுகிறான். ஏழை இடையனான கிராடக் அவனைத் தன் மகன் என்று சொன்னதும் அவன் மனம் கசந்துபோகிறது. பனிக்காலத்தில் அந்த மனிதன் பள்ளத்தில் விழுந்து கிடக்கையில், விட்டுவிட்டுப் போனால் விடுதலை கிடைக்குமே என்று ஒரு கணம் எண்ணியும் விடுகிறான். பின்பு அந்த எண்ணத்துக்காகவே கூசி, கீழே இறங்குகிறான். கிராடக்கோ, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்கிறான். தாரன் அரசனாகத் தொடங்கியது அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் நூலில், டிர்ன்வின் என்னும் வாளை அரச குருதி உடையவனே உருவலாம் என்று அதன் எழுத்துகள் படிக்கப்படுகின்றன. மீறி உருவ முயலும் தாரனைச் சுடர் தாக்கி வீழ்த்துகிறது. ஐந்தாம் நூலில் அதே வாள் அவன் கைக்கு இணங்குகிறது. பழைய எழுத்தின் சரியான பொருள் 'உயர்ந்த தகுதி' என்பது அதன் பிறகே தெரியவருகிறது. பிறப்பா தகுதியா என்ற முழு வழக்கையும் ஒரு சொல்லின் பிழையான வாசிப்புக்குள் ஆசிரியர் வைத்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வாளை உருவியதற்காகவும் முடி கிடைத்துவிடவில்லை. மூப்பும் மரணமும் இல்லாத நாட்டுக்குத் தோழர்கள் கப்பலேறும்போது அவனுக்கும் அழைப்பு வருகிறது. மோனா தீவில் பாதியில் நிற்கும் கடற்சுவரையும் பாழான வயல்களையும் நினைத்து அவன் மறுத்துவிடுகிறான். அவனுக்கு முடி கிடைப்பதும், அவனை வளர்த்த முதியவர் டால்பென் உண்மையைச் சொல்வதும் அதன் பின்னர்தான்: போர்க்களத்தின் ஓரத்தில் கண்டெடுத்த குழந்தை அவன், பெற்றோரைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. அவன் எந்தக் குலத்தவன் என்பது கடைசிப் பக்கம்வரை யாருக்கும் தெரிவதே இல்லை.