தட்டு காலி என்றதும் 'செத்துவிட்டது' என்று எழுதாதீர்கள்

மூன்று வாரம் வீணாய்ப் போன எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்களை (விதைபோல உறங்கிக் கிடப்பவை) பென்சல்கோனியம் குளோரைடு என்ற கிருமிநாசினியில் ஊறவைத்து, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் பரப்பினேன். ஒரு காலனிகூட (கண்ணுக்குத் தெரியும் பாக்டீரியாக் கூட்டம்) வரவில்லை. மூன்று முறை செய்தும் அதேதான். 'எல்லாம் செத்துவிட்டன' என்று நோட்டில் எழுதி, வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நியூட்ரலைசர் என்ன போட்டீங்க?"

மருந்தின் வேலையை முறிக்கும் அந்தப் பொருளை நான் போடவே இல்லை. ஸ்போரோடு ஒட்டிவந்த மருந்து தட்டிலும் வளர்ச்சியைத் தடுத்திருக்கிறது. பென்சல்கோனியத்தை முறிக்கும் லெசித்தினும் ட்வீன் 80-உம் வாங்கப் போனால், படிவத்தில் துறைத்தலைவர் கையெழுத்து இல்லை என்று ஸ்டோரில் திருப்பி அனுப்பினார்கள். அவர் விடுப்பில். அதில் நான்கு நாள் போயிற்று. நீங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மருந்துக்கு மருந்து நியூட்ரலைசர் மாறும். குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேட், குளூட்டரால்டிஹைடுக்குக் கிளைசின்.

மறுபடி செய்தபோது தட்டு நிறையக் காலனிகள்!

அப்படியானால் மருந்து எதைத்தான் தடுத்தது? முளைப்பதையா, முளைத்தபின் வளர்வதையா? ஸ்போர்களை 70 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, முளைக்கத் தூண்டும் எல்-அலனைன் சேர்த்து, 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளந்தேன்; முளைத்தால் கலங்கல் குறையும். ஒரு குழாயில் மருந்தில்லை, ஒன்றில் பென்சல்கோனியம், ஒப்பிட இன்னொன்றில் எத்தனால் என்ற ஆல்கஹால். மருந்தில்லாத குழாயில் அளவு மளமளவென்று இறங்கியது. பென்சல்கோனியம் குழாயிலும் இறங்கியது. எத்தனால் குழாயில் அசையவே இல்லை.

ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எத்தனாலில் இருந்தவை பளீரென்று மணிமணியாக மின்னின; முளைக்காத ஸ்போர் அப்படித்தான் தெரியும். பென்சல்கோனியத்தில் இருந்தவை கறுத்திருந்தன. அதாவது ஸ்போருக்குள் இருக்கும் டைபிகோலினிக் அமிலம் வெளியேறி, நீர் உள்ளே புகுந்து, முளைத்தாயிற்று. செல்லாக நீளத்தான் முடியவில்லை. காலனியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

எத்தனால் குழாயைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிக் கழுவினேன். மேல்நீரைக் கவிழ்த்து ஊற்றாதீர்கள், பிப்பெட்டால் எடுங்கள்; முதல் முறை பாதி ஸ்போர் அப்படித்தான் போயிற்று. மூன்றாம் கழுவலுக்குப் பிறகு எல்-அலனைன் விட்டுக் காத்திருந்தேன். மின்னிக்கொண்டிருந்த மணிகள் ஒவ்வொன்றாக என் கண்முன்னே கறுத்தன. ஆல்கஹால் அவற்றைக் கொல்லவில்லை, நிறுத்தித்தான் வைத்திருந்தது.