இருபத்தேழுக்குள் தூங்கிவிடுவான்

குழந்தைகள் காப்பகத்தில் கைக்குழந்தைகள் அறை என் பொறுப்பு. மூன்று மாதம் முதல் ஒன்றரை வயது வரை உள்ளவர்கள் இருப்பார்கள். பால் புகட்டுவதும் டயப்பர் மாற்றுவதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டன. தூங்கவைப்பதுதான் மாதக்கணக்கில் பிடிபடவில்லை.

அப்போது நான் செய்த பெரிய தவறு, அவசரப்பட்டுத் தூக்கியது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை முனகும், முகத்தைச் சுளிக்கும், கையை உதறும். விழித்துவிட்டது என்று ஓடிப்போய்த் தூக்குவேன். தூக்கியதும் வீறிட்டு அழும். அந்த அறையில் எனக்கு மூத்த அக்கா ஒருநாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “பொறு. தூக்கத்துலதான் இருக்கா.” இருவரும் குனிந்து பார்த்தபடி நின்றோம். மூடிய இமைக்குள் கண் உருண்டது. உதடு பால் குடிப்பதுபோல் அசைந்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து விரிந்தன. அவ்வளவுதான், மறுபடி ஆழ்ந்த தூக்கம்.

பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படி அசைவோடு இருப்பதுதான். நமக்கு ஒரு தூக்கச் சுற்று ஒன்றரை மணி நேரம் என்றால், குழந்தைக்கு 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விழிப்பின் ஓரம் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும். அந்த ஓரத்தில் வைத்துத்தான் நான் தூக்கிக்கொண்டிருந்தேன். எத்தனை குழந்தைகளின் தூக்கத்தை நானே கெடுத்திருப்பேன் என்று நினைத்தால் இன்றும் மனது சங்கடப்படும்.

அந்த அக்காவிடம் ஒரு வரிசை இருந்தது. டயப்பர் மாற்றுவார், முகம் துடைப்பார், திரையை இழுத்துவிடுவார், மடியில் வைத்து ஒரே ஒரு பாட்டைப் பாடுவார், கண் சொக்கும்போது தொட்டிலில் மல்லாக்கக் கிடத்துவார். தொட்டிலில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் கிடையாது. இதில் மட்டும் அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கமே நடத்தினார்கள். தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அதன்பின் பாதிக்கும் கீழே குறைந்தன.

வரிசை மாறாமல் இருப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சின்னக் குழந்தைகள் உள்ள 405 தாய்மார்களில் ஒரு பகுதியினரைத் தினமும் இரவில் குளிப்பாட்டி, உடம்பு பிடித்துவிட்டு, பாடியோ கொஞ்சியோ படுக்கவைக்கச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் விழிப்பதும் குறைந்தது. அம்மாக்களின் மனநிலையும் தெளிந்தது. எனக்குப் பிடித்த செய்தி அதுதான்.

ஆனால் எங்கள் அறையில் இருந்த எட்டு மாதப் பையன் ஒருவனிடம் அக்காவின் பாட்டும் எடுபடவில்லை, என் பாட்டும் எடுபடவில்லை. போனில் தாலாட்டு ஓடவிட்டுப் பார்த்தோம். பதிவு செய்த பாட்டு அதன் போக்கில் ஓடும். குழந்தை சிணுங்கினால் நிற்கத் தெரியாது, கண் சொக்கினால் குரலைத் தணிக்கவும் தெரியாது. நான்காவது நாள் மாலை அவன் அம்மாவிடம் கேட்டேன், வீட்டில் என்ன பாடுவீர்கள் என்று.

“நான் பாட மாட்டேன் அக்கா. எண்ணுவேன்.”

“எண்ணுவீங்களா?”

“ஒண்ணு, ரெண்டுன்னு. மெதுவா. பத்து பத்துக்கு ஒருதரம் குரலை இறக்குவேன்.”

மறுநாள் மதியம் அப்படியே எண்ணினேன். ஒரு எண்ணுக்கு ஒரு தட்டு. முதல் நாள் நூறு வரை போயும் தூங்கவில்லை. ஆனால் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் அறுபதுக்குள் தூங்கினான். மாதம் முடிவதற்குள் இருபத்தேழைத் தாண்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. எண்ணும்போது இன்னொன்றையும் கவனித்தேன். முப்பதைத் தொடும்போது என் மூச்சே மெதுவாகிவிடும், தோள் இறங்கிவிடும். என் மார்பில் சாய்ந்திருப்பவனுக்கு அது தெரியாமலா இருக்கும்?

அம்மாவின் குரலைப் பிறந்த சில நாட்களிலேயே குழந்தை பிரித்தறிகிறது என்று 1980-இலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றி, தன் அம்மாவின் குரலைக் கேட்டு வாங்கின அந்தக் குழந்தைகள். அந்தக் குரல் என்னிடம் இல்லை. அதன் நடையை மட்டும் கடன் வாங்கலாம். அறியாத மொழித் தாலாட்டைக் கேட்டாலும் குழந்தையின் இதயத் துடிப்பு தணிகிறது என்று 2020-இல் வந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. சொல் புரிய வேண்டியதில்லை போலும். மெதுவாக, திரும்பத் திரும்ப வந்தால் போதும்.

அதற்குப் பிறகு சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்: ‘வீட்டில் எப்படித் தூங்கவைக்கிறீர்கள்?’

போன வாரம் நான்கு மாதப் பெண் குழந்தையைச் சேர்க்க வந்த அப்பா அந்த வரியில் பேனாவை வைத்தபடி யோசித்தார். “பாட்டெல்லாம் இல்லைங்க. தோள்ல போட்டு சும்மா முனகுவேன்.”

“ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்.”

கூச்சப்பட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து முனகினார். அடிக்குரலில் நீளமாக ஒரு ‘ம்ம்’. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அதே ‘ம்ம்’. தோளில் இருந்தவள் முகத்தை அவர் கழுத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “தட்டக் கூடாதுங்க, தட்டினா முழிச்சுக்குவா” என்றார். படிவத்தை என் பக்கம் திருப்பி அதையும் எழுதிக்கொண்டேன்.