மக ஜாதகத்துல 87 சில்வியாவ போட்டுப் பாத்த கதை

ரெண்டு ஞாயித்துக்கெழமை இதுக்கே போச்சு. மேல்நாட்டு ஜோசியத்துல குறுங்கோளயும் கட்டத்துல போடுவாங்க, சீரிஸ் பல்லாஸ் ஜூனோ வெஸ்டா நாலும் எல்லாரும் போடுறதுதான், எனக்கு நம்மாளுங்க ஊரு சம்பந்தமா ஒண்ணு வேணும்னு தேடுனப்ப மாட்டுனது சில்வியா, குறுங்கோள் வரிசையில 87ஆம் நம்பர். 1866 மே 16ல மெட்ராஸ் அப்சர்வேட்டரில போக்சன்ங்கிற இங்கிலீஷ்காரர் கண்டுபிடிச்சது. நுங்கம்பாக்கத்துல கெடச்ச கல்ல நான் மொரிஷியஸ்ல ரோஸ் ஹில் வீட்டு மேசையில தேடிக்கிட்டு இருக்கேன்.

பேர் வந்த கதை நமக்குப் புதுசே இல்ல. ரியா சில்வியா ரோம் நாட்டுக் கத. சித்தப்பன் அமூலியஸ் அவ அப்பாகிட்ட இருந்து ராஜ்யத்தப் புடுங்கிட்டு, இவளுக்கு புள்ள பொறந்தா வம்பாச்சேன்னு கல்யாணமே ஆகக்கூடாத வெஸ்டா கோயில் பூசாரிப் பொண்ணா ஆக்கிடுறான், ஆனா செவ்வாய் தேவன் மூலமா ரெட்டப் புள்ள பொறக்குது, ராஜா ஆத்துல விடச் சொல்றான், ஓநாய் பால் குடுத்துக் காப்பாத்துது. பாதி கம்சன், பாதி குந்தி. அந்த ரெட்டைங்கதான் ரோமுலஸ், ரீமஸ்.

இந்தக் கல்லுக்கும் ரெண்டு துணைக்கோள் இருக்கு, 2001ல ஒண்ணு, 2005ல இன்னொண்ணு அறிவிச்சாங்க, பேரு அதே ரோமுலஸ், ரீமஸ். பேரோட மகிமைன்னு சொல்லத் தோணும், ஆனா அம்மா பேரப் பாத்துத்தானே புள்ளைங்களுக்கு பேரு வெச்சாங்க!

ஜோசிய அர்த்தமும் பேருலருந்து புடிக்கிறதுதான். லத்தீன்ல சில்வான்னா காடு, அதனால காடு, தனிம, புள்ளயப் பிரிஞ்ச தாய், இப்பிடி. போக்சன் அன்னிக்கு வேற பேர் வெச்சிருந்தா பலனும் வேறயாயிருக்கும், இது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருக்கு.

சரி, வேலைக்கு வரேன். ஆன்லைன் ஜாதக சைட்டுல கூடுதல் குறுங்கோள் பெட்டில 87ன்னு போட்டா பாகை வந்துடும், அது சாயனக் கணக்கு, அதாவது மேல்நாட்டு ராசிக் கணக்கு, அதுக்கும் நம்ம கணக்குக்கும் உள்ள வித்தியாசமான அயனாம்சம் சுமார் 24 பாகை கழிச்சாதான் நம்ம கட்டத்துக்கு ஆகும். கழிச்சேன். பென்சில்ல "சி"ன்னு எழுதுனேன். அஞ்சாம் எடம்! புத்திர ஸ்தானத்துல ரெட்டப் புள்ளக்காரி, புல்லரிச்சுப் போச்சு. வீட்டுக்காரி எட்டிப் பாத்து "என்னங்க இது சி, இதுக்கு எந்தக் கோயில்ல அர்ச்சன?"ன்னா.

அப்புறம் பாத்தா அதே ஆன்லைன் சைட்டு காட்டுன லக்னமும், நான் என் சாஃப்ட்வேர்ல போட்ட லக்னமும் ஒத்துவரல. அயனாம்சத்த நாலு தடவ பாத்தேன், சரியாத்தான் இருக்கு. ராத்திரி படுத்தப்புறம்தான் பொறி தட்டுச்சு, பாப்பா பொறந்தது 2009 ஜனவரி, அந்தக் கோடைக்கு மட்டும் கரண்ட்ட மிச்சம் புடிக்க இங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தாங்க, 2008 அக்டோபர்லருந்து 2009 மார்ச் வரைக்கும். நான் சாஃப்ட்வேர்ல டைம் ஸோன், அதாவது கிரீன்விச் நேரத்தவிட எத்தன மணி முன்னாடிங்கிற எடத்துல, எப்பவும் போல 4ன்னு அடிச்சிட்டேன், அடிச்சிருக்க வேண்டியது 5. ஒரு மணி நேரத்துல சில்வியா நகந்ததே தெரியாது, லக்னம் ஏறக்கொறைய 15 பாகை நகந்துடும்.

சரி பண்ணுனதும் லக்னம் ஒரு ராசி பின்னாடி போயி, சில்வியா ஆறாம் எடத்துக்கு வந்துட்டா. கடன், நோய், எதிரி. புல்லரிச்சதெல்லாம் வீண். அழிச்சு மாத்தி எழுதிட்டேன், அஞ்சுல பென்சில் தடம் இன்னும் தெரியுது.

அடுத்து 80 சாப்போ, அதுவும் போக்சன் மெட்ராஸ்ல புடிச்சதுதான். இந்தத் தடவ மொதல்ல டைம் ஸோன்.