டேஷ்கேம் வைஃபையும் நானும்

நேத்து தாம்பரம் பக்கம் சிக்னல்ல ஒருத்தர் பம்பர்ல உரசிட்டு நிக்காம போயிட்டாரு, சரி டேஷ்கேம்ல (கார் முன் கண்ணாடில மாட்டி ரோட்ட ரெக்கார்ட் பண்ற கேமரா) இருக்குமேன்னு வண்டிய ஓரங்கட்டி போன எடுத்தா ஆப் "கேமரா கனெக்ட் ஆகல"ன்னு ஒரே பாட்டு. வைஃபை பக்கம் போய் பாத்தா கனெக்டட்னு தான் காட்டுது! கேமராவ ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணி, ஆப்ப தூக்கிட்டு மறுபடி போட்டு, வெயில்ல முக்கா மணி நேரம் போச்சு.

அப்புறம் தான் மண்டைல ஏறுச்சு. கேமராவோட வைஃபைல நெட் கிடையாது, அது போனுக்கும் கேமராவுக்கும் மட்டும் நடுவுல ஓடுற லைன். நெட் இல்லன்னு தெரிஞ்சதும் போன் சத்தமில்லாம மொபைல் டேட்டாவுக்கு தாவிடுது, அங்க போய் கேமராவ தேடினா எப்படி கிடைக்கும். டேட்டாவ ஆஃப் பண்ணேன், "இன்டர்நெட் இல்ல, இதுலயே இருக்கவா"ன்னு கேட்டதுக்கு ஆமான்னு குடுத்தேன், டக்குன்னு வந்துடுச்சு.

இன்னொரு கூத்து, கார் ஸ்க்ரீன்ல வயர்லெஸ்ஸா மேப் ஓடிட்டு இருந்தா போனோட வைஃபைய அதுவே பிடிச்சு வெச்சுக்கலாம், அதையும் கட் பண்ணிட்டு பாருங்க. விபிஎன் (நெட்ட வேற சர்வர் வழியா சுத்தி விடுற ஆப்) இருந்தா அதையும். ஐபோன்னா அந்த ஆப்புக்கு லோக்கல் நெட்வொர்க் பர்மிஷன் (அதே வைஃபைல இருக்க கருவியோட பேச அனுமதி) ஆன்ல இருக்கணும். பழைய போன்ல கேமரா பேரே லிஸ்ட்ல வரலன்னா கேமரா செட்டிங்ல வைஃபைய 5 ஜிகாஹெர்ட்ஸ்ல இருந்து 2.4க்கு மாத்திப் பாருங்க. கேமரா வைஃபை பாஸ்வேர்ட் இன்னும் 12345678னே இருந்தா மொதல்ல அத மாத்துங்கப்பா 😄

கிளிப் கிடைச்சுது. நம்பர் பிளேட் மேல முழுக்க சேறு.