தாத்தா வீடு அருங்காட்சியகமானது: பவர் பத்திரத்தில் கவனம்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், வீட்டுத் திண்ணையில் தாத்தா ஆரம்பித்த சாப்பாட்டுக்கடைதான் பிறகு மெஸ்ஸாகி, லாட்ஜாகி வளர்ந்தது. வெளியூர்க்காரருக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்த முதல் ஆள் எங்கள் பக்கத்தில் அவர்தான். பூட்டிக் கிடந்த அந்த வீட்டை அவர் நினைவாக அருங்காட்சியகமாக்க வாரிசுகள் ஐந்து பேரும் ஒத்துக்கொண்டோம். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சிக்கலில்லாமல் கிடைத்தன. வீட்டை அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு வயது 81. தன் சார்பில் நான் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு என் பெயருக்கு அனுப்பினார். பதிவு அலுவலகத்தில் காட்டினேன். "மத்த பத்திரம் ரெடியானதும் சேர்த்துக் கொண்டாங்க சார், போதும்" என்றார் எழுத்தர். நம்பி பீரோவில் வைத்தேன். நான்கு மாதம் கழித்துப் போனால், வேறொருவர் தேதியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வெளிநாட்டில் எழுதிய பவர், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டப்பட வேண்டும். 1899ஆம் ஆண்டு முத்திரைச் சட்டம், பிரிவு 18. "இத வச்சுப் பதிய முடியாது சார், புதுசா வாங்கிட்டு வாங்க."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது அழுகையே வந்துவிட்டது. முட்டிவலியோடு அத்தை மறுபடி தூதரகம் போக வேண்டும். எப்படிச் சொல்வது என்று தயங்கித்தான் போன் செய்தேன். "அப்பா வீட்டுக்குத்தானடா, போயிட்டு வர்றேன்" என்றார், அவ்வளவுதான்.

இரண்டாவது பவர் வந்த வாரமே முத்திரைத்தீர்வை கட்ட மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நின்றேன். கூரியர் கவரையும் கையோடு எடுத்துப் போங்கள். பத்திரம் எப்போது வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி, என்னிடம் கேட்டார்கள்.

அப்புறம் கட்டட வேலை. முன்பு யாரோ முகப்புச் சுவருக்குச் சிமென்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, சுவர் முழுக்க உப்புப் பூத்திருந்தது. கொத்தனார் விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனார். பொத்தென்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தத்தையும் உதிர்த்துவிட்டு, சுண்ணாம்பை நீர்த்து ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் சேர்த்து அரைத்துப் பூசினோம். கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். இதை ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். உடைந்த தரைக்கு ஆத்தங்குடிக் கல் சுலபமாகக் கிடைத்தது.

இன்னொன்று: சுத்தம் செய்ய ஆள் விடுவதற்கு முன் பரணை நீங்களே ஏறிப் பாருங்கள். பழைய பேப்பர்க்காரருக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையில் லாட்ஜின் பேரேடு இருந்தது. சிவப்புத் துணி அட்டை, செல்லரித்த ஓரம், தங்கியவர்களின் பெயருக்கு எதிரே தாத்தாவின் சாய்ந்த எழுத்தில் சாப்பாட்டுக் கணக்கு. ஒரு பக்கத்தின் ஓரத்தில் மட்டும் குழந்தைக் கையெழுத்தில் ஏழாம் வாய்ப்பாடு. படம் எடுத்து அத்தைக்கு அனுப்பினேன்.

"நான்தான்டா எழுதினேன். அன்னிக்கு அப்பாகிட்ட அடி வாங்கினேன்" என்றார். கண்ணாடிப் பெட்டியில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வைத்திருக்கிறோம்.