முதுகுக்குப் பின்னால் விடிகிற கடற்கரை

மெரினாவில் படம் எடுத்துப் பழகிய கை என்னுடையது. அங்கே கடலைப் பார்த்து நின்றால் போதும், சூரியன் தானாக ஃபிரேமுக்குள் ஏறி வரும். அதே நினைப்பில் ஒரு ஜனவரி விடியலில் மும்பை மாட்டுங்காவில் ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனான தாதரில் இறங்கி, இருட்டோடு அங்குள்ள கடற்கரையான சௌபாட்டிக்கு நடந்தேன்.

டிரைபாடை விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பாம் ஹாரன் அடித்தபடி சைக்கிளில் வந்த இட்லிக்காரரிடம் அரைகுறை இந்தியில் ஒரு பிளேட் கேட்டேன். சிரித்துவிட்டார். தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். “என்ன தம்பி, சூரியன் முதுகுப் பக்கமால்லா வரும். அங்க என்னத்த எடுக்கீய?”

மும்பைக்குக் கடல் மேற்கே. தெரியாத விஷயமா என்ன? ஆனால் அப்போதுதான் உறைத்தது.

7.15 வாக்கில் சூரியன் எழுந்தும், பின்னாலிருந்த கட்டிடங்களின் நிழல் மணலை விட்டு நகரவில்லை. வெயில் முதலில் தொட்டது தூரத்து பாந்த்ரா–வொர்லி பாலத்தின் கோபுர உச்சியைத்தான். லேசான ரோஸ் நிறம். அது கேபிள் கேபிளாகக் கீழே இறங்க, என் காலடியில் மணல் இன்னும் நீலமாகவே கிடந்தது. இந்த இரண்டு நிறமும் சேர்ந்து நிற்பது சில நிமிடங்கள்தான். கேமராவே நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அந்த நீலத்தைத் தப்பு என்று திருத்தப் பார்த்தது, பகல் வெளிச்சத்துக்கான டேலைட்டுக்கு மாற்றினேன். கேபிள்கள் வெளுத்துவிடாமல் எக்ஸ்போஷரை மைனஸ் 0.7க்கு இறக்கினேன். லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பைக்குள் போனது. சூரியனுக்குப் பக்கவாட்டில், 90 டிகிரியில்தான் அது வானத்தை நன்றாகக் கறுக்க வைக்கும். வெயில் முதுகில் விழும்போது அதற்குப் பெரிதாக வேலையில்லை. வெயில் மணலுக்கு வந்ததும் வேறு தொல்லை: என் நிழலும் டிரைபாடின் மூன்று கால் நிழலும் ஃபிரேமுக்குள் நீண்டன.

எடிட்டிங்கில்தான் சொதப்பினேன். எடிட்டிங் ஆப்பான லைட்ரூமில் டெம்பரேச்சரை, அதாவது நிறத்தின் சூட்டை, ஏற்றி எல்லாவற்றையும் தங்கமாக்கித் தங்கைக்கு அனுப்பினேன். “சாயங்காலம் போனியா அண்ணா?” என்று பதில் வந்தது. சரிதான், மும்பைக் கடல் படத்தில் ஆரஞ்சு என்றாலே அந்தி. நல்லவேளை, கேமரா பதிந்த அசல் ரா ஃபைல் இருந்தது. டெம்பரேச்சரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மாஸ்க் போட்டுப் பாலத்துக்கு மட்டும் கொஞ்சம் சூடு கொடுத்தேன். நிழலை வெளிச்சமாக்கும் ஷாடோஸ் ஸ்லைடரைத் தொடவே இல்லை.

ஒரு குறை. அன்று கடல் ஏறியிருந்தது, பிரதிபலிக்க ஈரமணல் கிடைக்கவில்லை. கடல் உள்வாங்கும் வற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். விடியலோடு அது சேர்ந்து வருவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அடுத்ததைக் காலண்டரில் குறித்தாயிற்று. இட்லிக்குச் சில்லறையும் எடுத்து வைத்தாயிற்று.