மகளைக் குவேக்கர் பள்ளியில் சேர்த்த அனுபவம்

பிலடெல்பியா பக்கம் குடிவந்து ஐந்து வருடம் ஆகிறது. போன குளிர்காலத்தில் மகளின் ஆறாம் வகுப்புக்காக ஒரு குவேக்கர் பள்ளியில் விண்ணப்பித்தோம். இங்கே பெயர்ப்பலகையில் ‘ஃப்ரெண்ட்ஸ் ஸ்கூல்’ என்று இருந்தால் பெரும்பாலும் அது இவர்களுடையதுதான். குவேக்கர்கள் என்பவர்கள் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்; தங்களை ‘நண்பர்கள்’ என்றே அழைத்துக்கொள்வார்கள். “சர்ச் பள்ளிக்கூடமா, மதம் மாத்திடுவாங்களா?” என்று நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

காகித வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். படிவம், இரண்டு வருட மதிப்பெண் அறிக்கை, ஆங்கில ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் தரும் பரிந்துரைக் கடிதம், பெற்றோர் எழுதித் தரும் ஒரு பக்கம். ஜனவரி நடுவில் கடைசித் தேதி. கட்டண உதவிக்குத் தனி விண்ணப்பம் உண்டு. வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, வீட்டுக்கடன் விவரம் எல்லாம் அதற்கு வேண்டும். சேர்க்கை கிடைத்த பிறகு இதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் தீர்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே போடுங்கள். எங்கள் கணக்கு ஆசிரியரின் கடிதம் கடைசி வாரம் வரை போய்ச் சேரவில்லை. பள்ளி அனுப்பிய மின்னஞ்சல் அவருடைய ஸ்பாம் பெட்டியில் கிடந்திருக்கிறது. மகளே நேரில் போய்க் கேட்டு வாங்கினாள்.

பெற்றோர் பக்கத்தில் என்ன எழுதுவது என்றுதான் திணறினேன். அவளுடைய ஒவ்வொரு அறிக்கையிலும் “வகுப்பில் வாய் திறப்பதில்லை” என்று ஒரு வரி இருக்கும். அதை மறைக்காமல் எழுதினேன். எழுதுவதற்கு முன் இவர்கள் யார் என்று தேடிப் படித்ததில், மனதில் தைத்த விஷயம் ஒன்று உண்டு.

17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நம்முடைய ‘நீ’, ‘நீங்கள்’ போலவே இரண்டு சொல் இருந்தது. ‘தௌ’ என்றால் நீ. ‘யூ’ என்றால் நீங்கள். குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய, நெசவாளி மகனான ஜார்ஜ் ஃபாக்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் நீதிபதியானாலும் பிரபுவானாலும் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைத்தார்கள். தொப்பியையும் கழற்றவில்லை. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்பது அவர்கள் வாதம். அதற்காகச் சிறைக்குப் போனார்கள். வீட்டில் அப்பாவிடம் அடி வாங்கியவர்களும் உண்டு. சாதி பார்த்து ‘நீ’யும் ‘நீங்க’ளும் மாறும் ஊரில் வளர்ந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் தாத்தாவின் வயதிருந்த ஒருவரை எங்கள் தெருப் பிள்ளைகள் ‘வா, போ’ என்று கூப்பிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அதைத்தான் அந்தப் பக்கத்தில் எழுதினேன்.

மகள் ஒருநாள் முழுக்க அங்கே வகுப்பில் உட்கார்ந்து பார்த்தாள். திரும்பி வந்ததும் முதலில் சொன்னது, “அம்மா, டீச்சரை எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க.” அந்த நாளைய ‘நீ’யின் மிச்சம் அது. எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை. அவளுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

நேர்காணலில், பள்ளியைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். கேட்டேன். 1688-இல் பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமைமுறை தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் குவேக்கர் கூட்டத்துக்கு (தங்கள் சபையை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) கொடுத்தார்கள். கூட்டம் அதை மேல் கூட்டத்துக்கு அனுப்பியது, அது அதற்கும் மேலே அனுப்பியது, அங்கே முடிவு சொல்லாமல் வைத்துவிட்டார்கள். உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருக்கவே கூடாது என்று பிலடெல்பியாக் கூட்டம் தீர்மானித்தது 1776-இல். இடையில் 88 வருடம். இவர்கள் எதற்கும் வாக்கெடுப்பு நடத்துவதில்லை. எல்லோர் மனமும் ஒன்றுபடும் வரை காத்திருப்பார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் அந்தக் காத்திருப்பில் பாடுபட்டது கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லையே? அதைத்தான் கேட்டேன்.

எதிரே இருந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. அரை நிமிடம் இருக்கும். பிறகு, “இதை நாங்கள் ஏழாம் வகுப்பில் பாடமாகவே வைத்திருக்கிறோம்” என்றார். வாஷிங்டனில் இருக்கும் புகழ்பெற்ற சிட்வெல் ஃப்ரெண்ட்ஸ் பள்ளியும்கூட கருப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியது 1956-இல்தான் என்பதையும் அவரே சொன்னார். 1750-இலேயே தன் வீட்டில் கருப்பினப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்த அந்தோணி பெனசெட்டைப் பற்றியும் சொன்னார். பெருமையை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் நான் யோசித்திருப்பேன்.

மத விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஒருமுறை, எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை, எல்லா வகுப்பும் கூடி நாற்பது நிமிடம் மௌனமாக உட்காருவார்கள். பாதிரியார் இல்லை, பிரசங்கம் இல்லை, பாட்டு இல்லை. எதிரெதிரே மர பெஞ்சுகள். யாருக்காவது உள்ளிருந்து ஏதாவது தோன்றினால் எழுந்து சொல்வார்கள். இல்லாவிட்டால் அந்த மௌனமே போதும். கடைசியில் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது. படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குவேக்கர் இல்லை. யாரும் எங்களை மாறச் சொல்லவில்லை.

பெற்றோரும் வரலாம் என்றதால் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை நானும் போனேன். முதல் பத்து நிமிடம் ரேடியேட்டர் சத்தம், யாரோ ஒரு குழந்தையின் இருமல். எனக்கு மளிகைப் பட்டியல் ஓடியது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. மகள் எனக்கு எதிர் பெஞ்சில், கையை மடியில் வைத்து, வீட்டில் எப்படி இருப்பாளோ அப்படியே உட்கார்ந்திருந்தாள். “வாய் திறப்பதில்லை” என்ற அந்த வரி இந்த வருட அறிக்கையில் இல்லை.

இந்த வருடம் போட நினைப்பவர்கள், நவம்பருக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருக்கும் குவேக்கர் கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். யார் வேண்டுமானாலும் போகலாம். நகரத்துக்குள் ஆர்ச் தெருவில் 1804-இல் கட்டிய கூட்ட மண்டபம் இருக்கிறது. பிள்ளையையும் கூட்டிப் போங்கள். அந்த மௌனம் அவர்களுக்கு ஒத்துவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.